சிர்க்கு திறக்காத அறை

முழங்கால் வலிக்காரி ஒருத்தி நாலு மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிறாள் என்றால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, பின்னால் நாய் துரத்த வேண்டும். இல்லையென்றால் அவள் வாழ்க்கையிலேயே பெரிய நாளாக அது இருக்க வேண்டும். பின்லாந்தில், தம்பெரே நகரத்தின் பழைய செருப்புத் தொழிற்சாலையில் அந்த ஆகஸ்ட் மாத வெள்ளிக்கிழமை காலையில் நாய் எதுவும் இல்லை.

சிர்க்கு ஹாப்பசாரிக்கு வயது நாற்பத்தொன்பது. அதில் இருபத்தேழு வருடம் ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஊர்ந்தே கழிந்தது. ஊரில் எந்தப் பெரிய கட்டடத்தைக் காட்டினாலும், "இதுல மூணாவது மாடில என் சுத்தியல் ஒண்ணு இன்னும் கிடக்கு" என்பாள். தொழிற்பள்ளியில் மின்பிரிவில் சேர்ந்த முதல் நாள், வகுப்பிலேயே அவள் ஒருத்திதான் பெண். "சமையல் வகுப்பு எதிர்க் கட்டடம்" என்று ஒருவன் கை காட்டினானாம். "அப்ப நீ அங்க போ. உன் சால்டரிங்கைப் பாத்தா கஞ்சி கிண்டுன மாதிரிதான் இருக்கு" என்று இவள் சொன்னாளாம். அந்த வாய் இன்றுவரை குறையவில்லை.

அந்த வாய்தான் அவளை இந்த வெள்ளிக்கிழமைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. கேபிள் இழுப்பவர்களுக்கும் பிளான் போடுகிறவர்களுக்கும் எந்த ஊரிலும் ஆகாது. பிளான் போடுகிற மகராசன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, காற்றுக்குழாய் போகிற இடத்தில் வைஃபை பெட்டியை வரைந்து வைப்பான். முக்கால் மீட்டர் செங்கல் சுவரில் கேபிள் நேராக நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடும் என்று கோடு போடுவான். சிர்க்கு அந்த வரைபடங்களின் மேலேயே சிவப்புப் பேனாவால் எழுதி அனுப்புவாள்: "இங்கே காற்றுக்குழாய் இருக்கிறது. ஒருதடவை வந்து பார்த்தால் பாவம் ஒன்றும் வராது." அவள் காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா செருகியிருக்கும்.

அந்தச் சிவப்புக் குறிப்புகளெல்லாம் கடைசியில் முதலாளி இல்போ ரந்தகோக்கோவின் மேசைக்குத்தான் வந்து சேரும். முதலாளி என்றால் பயந்துவிட வேண்டாம். பதினாலு பேர் வேலை செய்கிற கம்பெனி. சிர்க்கு சேர்ந்த அதே வருடம் அதே சீலிங்கில் ஊர்ந்தவன்தான் அவனும். இடையில் தொப்பை வந்ததால் தரைக்கு இறங்கி முதலாளி ஆகிவிட்டான். போன குளிர்காலத்தில் டாக்டர் சிர்க்குவின் முழங்கால் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் சீலிங்குல ஊர்ந்தீங்கன்னா அப்புறம் கைத்தடிதான்" என்று சொல்லிவிட்டார். அவள் நேராக இல்போவிடம் போனாள்.

"எனக்குப் பிளான் போடற வேலை குடு."

"யாரு, நீயா? ஊர்ல இருக்கிற அத்தனை பிளான்காரனையும் திட்டித் தீர்த்தவ நீ."

"அதனாலதான் கேக்கறேன். எங்கெங்க தப்பு பண்ணுவாங்கன்னு எனக்குத்தான் தெரியும்."

இல்போ தாடையைச் சொறிந்தான். அவள் படித்துப் பரீட்சை எழுதித் தேறி வந்த பிறகு இந்தச் செருப்புத் தொழிற்சாலையைக் கொடுத்தான். நாலு மாடிச் செங்கல் கட்டடம், புதிதாக அலுவலகமாக மாறுகிறது. "உன் பேருல முதல் பிளான். கட்டடக்காரங்க ஆளு வந்து அளந்து பாத்துப் பாஸ் போட்டா, திங்கக்கிழமைலேர்ந்து நீ பிளான்காரி. ஒரு ரூம் ஃபெயிலானாலும் வேற கம்பெனிக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க. அப்புறம் உனக்குத் தர எங்கிட்ட சீலிங்தான் இருக்கு, சிர்க்கு. ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது" என்றான்.

அந்த அளந்து பார்க்கிற நாள்தான் இன்றைக்கு. இப்போது சொல்லுங்கள், படியைத் தாவி ஏறாமல் என்ன செய்வாள்?

ஹெல்சிங்கியிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கிய ஆய்வாளர் ஹாரியட் சுந்துக்விஸ்ட், சத்தம் வராத ரப்பர் செருப்பு போட்ட ஒல்லியான பெண்மணி. கழுத்தில் அளவுக் கருவி தொங்கியது. அதில் ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் வரும். எண் குறையக் குறைய சிக்னல் நல்ல சிக்னல். அறுபத்தேழைத் தாண்டினால் ஃபெயில். அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ் குறியும் உண்டு, ஆனால் தொழிலில் இருப்பவர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

"காபி?" என்றான் இல்போ.

"முதல்ல அளவு" என்றாள் ஹாரியட்.

முதல் மாடி. ஐம்பத்தெட்டு. அறுபத்திரண்டு. ஐம்பத்தைந்து. ஒவ்வொரு எண்ணையும் சிர்க்கு உள்ளங்கையில் சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டாள். இரண்டாவது மாடியில் அவள் மிகவும் பயந்த இடம் சரக்கு லிஃப்ட்டின் பின்புறம். இரும்புக் கூண்டு, சிக்னலை மறைக்கும். அதற்கென்றே ஒரு பெட்டியைக் கொஞ்சம் தள்ளி மூலையில் மாட்டச் சொல்லியிருந்தாள். கருவி ஐம்பத்தொன்பது காட்டியது.

"ம்" என்றாள் ஹாரியட்.

இல்போ சிர்க்குவின் காதருகே குனிந்தான். "கேட்டியா? 'ம்'முன்னா! இவ வாய்லேர்ந்து 'ம்' வர்றதும் உன்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடறதும் ஒண்ணு."

"சும்மா இருய்யா, நெஞ்சு அடிச்சுக்குது" என்றாள் சிர்க்கு. சிரிப்பையும் அடக்க முடியவில்லை அவளுக்கு.

மூன்று மாடியும் முடிந்தபோது பதினொரு மணி. சாப்பாட்டு வேளை. இல்போ சந்தையிலிருந்து சுடச்சுட, தம்பெரேக்காரர்கள் ரத்தம் கலந்து செய்கிற கறுப்பு சாசேஜும் லிங்கன்பெர்ரி ஜாமும் வாங்கி வந்திருந்தான். ஹெல்சிங்கிக்காரி முகம் சுளிப்பாளோ என்று பார்த்தால், ஹாரியட் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிச் சாப்பிட்டாள். சிர்க்குதான் தன் பங்கைத் தொடவே இல்லை. மனசெல்லாம் நாலாவது மாடியில் இருந்தது. அங்கே ஓர் அறை இருந்தது. அதை நினைக்காமல் இருக்கத்தான் அவள் காலையிலிருந்து இத்தனை துள்ளு துள்ளிக்கொண்டிருந்தாள்.

ஜூலையில் நடந்தது இது. பிளான் போடுவதற்கு முன் கட்டடத்தை அளக்க வேண்டும். ஒரு வைஃபை பெட்டியை உயரமான முக்காலித் தாங்கியில் ஏற்றிச் சீலிங் உயரத்தில் நிறுத்திவிட்டு, லேப்டாப்போடு அறை அறையாக நடந்து, எந்தச் சுவர் எவ்வளவு சிக்னலைத் தின்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த நாலு நாளும் சிர்க்கு திருவிழாவுக்குப் போன குழந்தைபோல இருந்தாள். இருபத்தேழு வருடம் கையால் தொட்ட சுவர்கள் இப்போது திரையில் பச்சையும் மஞ்சளுமாக அவளோடு பேசின. "ஹன்னு, செங்கல்லு எவ்வளவு பெருந்தீனி தெரியுமா!" என்று வீட்டுக்குப் போனதும் கணவனிடம் மூச்சு விடாமல் சொல்வாள். பஸ் ஓட்டுகிற ஹன்னு, "எங்க பஸ்ஸு டீசல் மாதிரியா?" என்று கேட்டுவிட்டு உருளைக்கிழங்கைத் தோலுரிப்பான்.

நாலாவது மாடிக் கோடியில் 'லக்கா' என்ற கூட்ட அறை மட்டும் பூட்டியிருந்தது. எல்லா அறைகளுக்கும் காட்டுப்பழங்களின் பேர்தான் வைத்திருந்தார்கள். சாவி மேஸ்திரியிடம். மேஸ்திரி கோடை வீட்டில். ஜூலை மாதம் பின்லாந்தில் ஒருத்தரிடம் சாவி கேட்பதும் கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும் ஒன்றுதான். "ஆகஸ்ட் ஐந்தாம் தேதி வருவேன். மீன் நன்றாகக் கடிக்கிறது" என்று குறுஞ்செய்தி மட்டும் வந்தது. பிளான் கொடுக்க வேண்டிய கடைசி நாள் ஜூலை முப்பத்தொன்று. பழைய வரைபடத்தைப் பார்த்தாள். 'உட்சுவர், மரப்பலகை' என்று இருந்தது. மரம் என்ன தின்னும், ஒரு வாய் தின்னும். அறைக்கு வெளியே நடைபாதையில் மாட்டுகிற பெட்டியே போதும். சுவரைத் தேர்ந்தெடுத்து 'மரம்' என்று அழுத்தினாள். ஒரே ஓர் அழுத்து. நாற்காலியில் உட்கார்ந்தபடியே!

ஆகஸ்டில் சாவியோடு மேஸ்திரி வந்தபோது பெட்டிகளை மாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் போய்ப் பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டாள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். விட்டுவிட்டாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு ஹாரியட் லக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அழகான அறைதான். சுவர் முழுக்கப் பழுத்த தேன் நிறத்தில் பழைய மரப்பலகை. நடுவே நீள மேசை.

கருவி எண்பத்துநாலு காட்டியது.

 ஹாரியட் இன்னொரு மூலைக்குப் போனாள். எண்பத்தைந்து. இல்போ தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். "இதுலயும் ஒரு கோடு கூட இல்ல. இது என்ன ரூமா, பாதாளமா?"

"ஜூலைல இந்த ரூம்ல எடுத்த அளவைக் காட்டுங்க" என்றாள் ஹாரியட்.

இல்போ முந்திக்கொண்டான். "வரைபடத்துலயே மரம்னுதான் போட்டிருக்கு, ஹாரியட். வரைபடம் குடுத்தவங்க பண்ண தப்பு..."

நல்ல மனுஷன்தான். தப்பித்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். சிர்க்குவுக்கு அதில் நுழைந்துவிடலாம் என்று ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் அவள் காதில் சிவப்புப் பேனா இருந்ததே! எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறாள், வந்து பார்த்தால் பாவம் வராது என்று.

"அளவு எதுவும் இல்ல" என்றாள். முகம் சுட்டது. "ரூம் பூட்டியிருந்துச்சு. நான் பாக்கல. பாக்காமயே மரம்னு அழுத்திட்டேன். தப்பு என்னோடது."

ஹாரியட் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். "என் ரயில் நாலு மணி ஏழு நிமிஷத்துக்கு. மூணரைக்கு நான் ஃபாரத்தை மூடுவேன். மூடற வரைக்கும் அது திறந்துதான் இருக்கு."

"பலகையில ஒரு ஓட்டை போட்டு உள்ள ஒரு பெட்டி வச்சுட்டா?" என்றான் இல்போ.

ஹாரியட் கதவோரம் ஒட்டியிருந்த தாளைச் சுட்டினாள். பழைய மரவேலை, பாதுகாக்கப்பட்டது, ஆணிகூட அடிக்கக் கூடாது. அனுமதி கேட்டால் ஆறு வாரம். அவள் நடைபாதைக்குப் போய்க் காபியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. இரண்டு மணிவரை அறையைச் சுற்றிச் சுற்றி வந்தும் வழி தெரியாமல், சிர்க்கு தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கையில் கவிழ்த்தாள். காதிலிருந்த பேனா நழுவித் தரைக்கம்பளத்தில் விழுந்தது. விழுந்த பேனா கிடக்க வேண்டியதுதானே? மெதுவாக உருண்டது. மேசைக்கடியில் புகுந்தது, வேகம் பிடித்தது, ஜன்னல் பக்கத்துச் சுவரோரம் போய் நின்றது.

எடுக்கப் போனவள் மேசைக்காலைப் பார்த்தாள். ஜன்னல் பக்கத்து இரண்டு காலுக்கும் அடியில் மரத்துண்டு செருகியிருந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய் வைத்தாள். உருண்டு அதே இடத்துக்குப் போனது. இடது மூலையிலிருந்து விட்டாள். வளைந்து நெளிந்து அதே இடம்.

"சிர்க்கு" என்றான் இல்போ, பயந்துபோன குரலில். "சீலிங் வேலையும் அவ்வளவு மோசமில்ல. நான் உனக்கு நல்ல முழங்கால் பட்டை வாங்கித் தரேன். இப்படியெல்லாம் ஆயிடாத."

அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பேனா நின்ற இடத்தில் மண்டியிட்டுக் கம்பளத்தின் ஒரு சதுரத்தை நகத்தால் நெம்பித் தூக்கினாள். கீழே பழைய ஓடு. ஓட்டின் நடுவே துளை துளையாக ஒரு வட்டத் தகடு. தண்ணீர் போகிற வடிகால்!

தண்ணீர் வடிகிற சரிவான தரை. சுவரெல்லாம் மரப்பலகை. சிர்க்கு கட்டடமே அதிரச் சிரித்தாள்.

"சௌனா! யோவ் இல்போ, இது சௌனாய்யா! செருப்புத் தைச்சவங்க வேர்க்க வேர்க்க ஆவிக்குளியல் போட்ட சௌனா!"

இல்போ வாயைப் பிளந்தான். அடுத்த நொடி இருவருமே ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "அலுமினியத் தாள்."

எந்தச் சௌனாவிலும் பலகைக்குப் பின்னால் அலுமினியத் தாளை இடைவெளி இல்லாமல் ஒட்டியிருப்பார்கள், சூடும் ஆவியும் வெளியே போகாமலிருக்க. இரண்டு கோடைக்கு முன் சிர்க்குவும் ஹன்னுவும் தங்கள் கோடை வீட்டுச் சௌனாவில் அந்தத் தாளைக் கையாலேயே ஒட்டி, யார் கோணலாக ஒட்டியது என்று சண்டையும் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை தவறாமல் ஆறிலிருந்து ஏழுவரை அடுக்ககத்துச் சௌனாவில் அதே மாதிரிப் பலகையில் முதுகைச் சாய்த்து உட்கார்கிறவள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தாளே! சூட்டையே விடாத தாள் சிக்னலையா விடும்?

"சரி, சௌனாதான். ஓட்டை போட முடியாதே" என்றான் இல்போ.

"ஓட்டை எதுக்குய்யா? சௌனான்னா கல்லைச் சுட வைக்க அடுப்பு இருந்திருக்கணும்ல? மின்சார அடுப்புக்குக் கேபிள் எங்கேர்ந்து வரும், வானத்துலேர்ந்தா?" அவள் சுவரோரம் தவழ்ந்தபடியே போனாள். அலமாரிக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், பலகையோடு பலகையாகச் சாயம் பூசிய ஒரு வட்ட மூடி. திருகைக் கழற்றினாள். உள்ளே கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் காலிக் குழாய். அடுப்பை எடுத்தவர்கள் கேபிளை உருவிக்கொண்டு குழாயை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். "இதோட அந்த முனை நடைபாதை சீலிங்லதான் இருக்கணும். அங்கதான் நான் ரெண்டு கேபிள் சுருட்டி வைக்கச் சொன்னேன்!"

ஒவ்வொரு மாடிக் கோடியிலும் இரண்டு கேபிளைச் சும்மா சுருட்டி வைக்கச் சொன்னது அவள் பிளான்தான். "கேபிள் என்ன உங்க அப்பன் தோட்டத்துல காய்க்குதா?" என்று இல்போ அப்போது கத்தியிருந்தான். இப்போது அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அவன் கைப்பேசியோடு நடைபாதைக்கு ஓடினான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"பசங்க ஒரு மணிக்கே கிளம்பிட்டாங்க. வெள்ளிக்கிழமை. எல்லாரும் கோடை வீட்டுக்கு பாதி வழி போயிட்டாங்க. சீலிங்குல யாரு ஏறுவா?"

சிர்க்கு அவன் தொப்பையைப் பார்த்தாள். இல்போவும் குனிந்து அதையே பார்த்தான்.

"ஏணியைப் பிடி" என்றாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவரு வருஷக்கணக்கு சொன்னாரு. இது அரை மணி நேரம்."

ஏணியில் ஏறிச் சீலிங் பலகையை நகர்த்தி உள்ளே நுழைந்தாள். இருபத்தேழு வருடத்துத் தூசி அவளை அடையாளம் கண்டுகொண்டு மூக்கில் ஏறியது. முழங்கால் ஊசியாகக் குத்தியது. குத்தட்டும் என்று ஊர்ந்தாள். கேபிள் சுருள், வைத்த இடத்தில் வைத்தபடி. அதிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் பழைய குழாயின் வாய். இருக்கிறது! இரும்பு இழுவைக் கம்பியைக் குழாய்க்குள் விட்டாள்.

"வருதா?" என்று கத்தினாள்.

"வரல!" அறைக்குள்ளிருந்து இல்போவின் குரல்.

"இப்ப?"

"ஒரு செத்த சிலந்தி வந்திருக்கு!"

"அதுக்காவது சிக்னல் கிடைக்குதான்னு கேளு!"

நடைபாதையில் காபியோடு உட்கார்ந்திருந்த ஹாரியட்டின் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. குழாய் நடுவில் ஏதோ வளைவு. கம்பி முட்டி நின்றது. சிர்க்கு அதைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பி மறுபடி விட்டாள். எந்தப் பரீட்சையிலும் சொல்லித்தராத திருப்பு அது. கம்பி வழுக்கிக்கொண்டு போனது.

"வந்துடுச்சு! வந்துடுச்சுடியம்மா!" இல்போ அறைக்குள் குதிப்பது சீலிங்வரை கேட்டது.

கேபிளை இழுத்து, முனையைப் பொருத்தி, மிச்சமிருந்த ஒரு வைஃபை பெட்டியை அலமாரி மேல் வைத்து இணைத்தபோது மணி மூன்று பத்து. பெட்டியின் சிறு விளக்கு மஞ்சளாகத் துடித்தது. துடித்தது. துடித்துக்கொண்டே இருந்தது. சிர்க்கு தரையில் உட்கார்ந்து அதையே பார்த்தாள். எழுந்திருக்க முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. விளக்கு பச்சையானது.

ஹாரியட் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"நாற்பத்தொண்ணு" என்றாள். நாலு மூலைக்கும் போனாள். நாற்பத்துமூன்று, நாற்பது, நாற்பத்திரண்டு. பிறகு வெளியே போய்ப் பக்கத்து அறைகளில் அளந்தாள். இந்தப் பெட்டியின் சிக்னல் ஒரு சொட்டுக்கூட அங்கே கசிந்து மற்ற பெட்டிகளைத் தொந்தரவு செய்யவில்லை. வெளியிலிருந்து உள்ளே விடாத தாள், உள்ளேயிருந்து வெளியேயும் விடவில்லை. "கட்டடத்துலயே இதுதான் நல்ல ரூம்" என்றாள் ஹாரியட். அவள் அவ்வளவு நீளமாகப் பாராட்டுவதை ஹெல்சிங்கியில்கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று இல்போ பிற்பாடு சத்தியம் செய்தான்.

சிர்க்கு கையால் முகத்தைத் துடைத்தாள். தூசியும் கண்ணீரும் சேர்ந்து கன்னமெல்லாம் கறுப்பாகிவிட்டது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. வாய் காதுவரை சிரித்தது.

ஹாரியட் மேசையில் ஃபாரத்தை விரித்தாள். லக்கா அறைக்கு நேரே எண்ணை எழுதி, சுவர் என்ற கட்டத்தில் 'மரம்' என்பதை அடித்துவிட்டு 'சௌனா' என்று எழுதினாள். கீழே இரண்டு கோடு. திட்டமிட்டவர் என்ற இடத்தில் சிர்க்கு ஹாப்பசாரி. பேனா அடுத்த கோட்டில் நின்றது.

"பொருத்தினவர்?"

"கம்பெனி பேரு போடுங்க" என்றான் இல்போ.

"நான் பாத்ததைத்தான் எழுதுவேன்" என்று அங்கேயும் சிர்க்குவின் பேரையே எழுதினாள் ஹாரியட். எழுதி முடித்ததும் கையை நீட்டி, தரையில் உட்கார்ந்திருந்தவளைத் தூக்கி நிறுத்தினாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சத்தமில்லாத செருப்போடு படியிறங்கிப் போனாள்.

இல்போ அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமினான். "திங்கக்கிழமை லியலஹ்தி பக்கம் ஒரு புதுக் கட்டடம். ஆறு மாடி. இருநூத்திப் பன்னெண்டு ரூம். சீலிங் பக்கமே நீ தலைகாட்டக் கூடாது. பிளான் மட்டும். வேற ஏதாவது கேக்கணுமா? கார், லேப்டாப், சம்பளம்?"

சிர்க்கு வடிகாலோரம் கிடந்த சிவப்புப் பேனாவைக் குனிந்து எடுத்தாள். காதில் செருகிக்கொண்டாள்.

"சாவியெல்லாம் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.